பிரெக்சிட் விவாதம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் விலக வேண்டுமா, கூடாதா என்று நடந்த சண்டையைப் பற்றிப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கேட்கிறார்கள். பிள்ளையை அங்கே படிக்க அனுப்பப் போகிற பெற்றோர்களும் கேட்கிறார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் சேர்த்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். என் சாய்வு அங்கங்கே தெரியும், அதை மறைக்க முயலவில்லை.

பிரெக்சிட்னா என்னன்னு தேதிகளோட ஒரு தடவை சொல்லிடுங்க.

1973 முதல் உறுப்பினராக இருந்த பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியதுதான் பிரெக்சிட். 2016 ஜூன் 23 அன்று பொது வாக்கெடுப்பு நடந்தது. விலக வேண்டும் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்க வேண்டும் என்றவர்கள் 48.1 சதவீதம். 2017 மார்ச் 29 அன்று முறைப்படி விலகல் கடிதம் கொடுத்தார்கள். 2020 ஜனவரி 31 இரவு வெளியேறினார்கள். ஆனாலும் அந்த ஆண்டு முடியும்வரை பழைய விதிகளே ஓடின. கடையிலும் துறைமுகத்திலும் மாற்றம் தெரிந்தது 2021 ஜனவரி 1 முதல்தான்.

அது வெறும் வியாபாரக் கூட்டணிதானே? அதை விட்டுப் போறதுக்கு ஏன் இவ்வளவு ரகளை?

வெறும் வியாபாரக் கூட்டணி என்றால் ரகளை வந்திருக்காது. அதில் இரண்டு அடுக்கு இருக்கிறது. முதலாவது சுங்க ஒன்றியம். உறுப்பு நாடுகளுக்குள் சுங்க வரி கிடையாது. வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி போடுவார்கள். இதனால் எந்த உறுப்பு நாடும் தனியாக இந்தியாவோடோ அமெரிக்காவோடோ வரி ஒப்பந்தம் போட முடியாது.

இரண்டாவது ஒற்றைச் சந்தை. 1993-இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே வரி மட்டும் விஷயமில்லை, விதிகளும் பொது. பொம்மையின் சாயத்தில் என்ன கலக்கலாம், மாட்டிறைச்சியில் என்ன லேபிள் ஒட்ட வேண்டும் என்பது வரை ஒரே சட்டம். நம் ஊரில் ஜிஎஸ்டிக்கு முன்னால் வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் நின்ற வரிசையை நினைத்துப் பாருங்கள். அந்த வரிசையை நாடுகளுக்கு நடுவே ஒழிப்பதுதான் நோக்கம். சரக்கோடு பணமும் சேவையும் ஆட்களும் தடையில்லாமல் போகலாம். போலந்துக்காரர் விசா இல்லாமல் இங்கிலாந்தில் வேலை பார்த்தது இப்படித்தான்.

விதி பொதுவாக இருந்தால் அதை இயற்ற ஒரு அமைப்பும், தகராறு தீர்க்க ஒரு நீதிமன்றமும் வேண்டும். அந்த நீதிமன்றத் தீர்ப்பு உள்நாட்டுச் சட்டத்துக்கு மேலே நிற்கும். சண்டை தொடங்குகிற இடம் இதுதான்.

பிரிட்டன் ஆரம்பத்துல சேரவே தயங்கிச்சாமே?

ஆமாம். 1957-இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ரோமில் கையெழுத்துப் போட்டபோது பிரிட்டன் ஒதுங்கி நின்றது. காமன்வெல்த்தும் அமெரிக்க நட்பும் போதும் என்பது கணக்கு. 1960-இல் போட்டிக்கு வேறொரு தடையற்ற வர்த்தகக் குழுவைக்கூடச் சேர்ந்து தொடங்கியது. ஆறு நாடுகளும் வேகமாக வளர்வதைப் பார்த்துவிட்டு 1961-இல் மனுப் போட்டார்கள். பிரெஞ்சு அதிபர் தெ கோல் 1963-இலும் 1967-இலும் முடியாது என்றார். அவர் போன பிறகு, எட்வர்ட் ஹீத் பிரதமராக இருந்தபோது, 1973 ஜனவரி 1 அன்று உள்ளே வந்தார்கள்.

தெ கோல் சொன்ன காரணம்: இந்தத் தீவுக்காரர்களின் கண் எப்போதும் கடலுக்கு அந்தப் பக்கம்தான். பின்னாளில் விலகல் கட்சிக்காரர்களே இதைப் பெருமையாகச் சொன்னார்கள்.

1975-லயே ஒரு ஓட்டெடுப்பு நடந்துச்சுன்னு சொல்றாங்களே? அப்போ யார் எந்தப் பக்கம்?

இதைக் கேட்டால் இன்றைய பிரிட்டன்காரர்களே கொஞ்சம் முழிப்பார்கள். 1975 ஜூன் 5 அன்று தொழிற்கட்சிப் பிரதமர் ஹரோல்ட் வில்சன் வாக்கெடுப்பு நடத்தினார். தொடர்ந்து இருக்கலாம் என்று 67 சதவீதம் பேர் சொன்னார்கள். கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமைக்குப் புதிதாக வந்திருந்த மார்கரெட் தாட்சர், உறுப்பு நாடுகளின் கொடிகள் போட்ட ஸ்வெட்டர் அணிந்து ஆதரவுப் பிரச்சாரம் செய்தார். எதிர்ப்பக்கத்தில் இடதுசாரி டோனி பென்னும் வலதுசாரி ஈனாக் பவலும் ஒன்றாக நின்றார்கள். இது முதலாளிகளின் சங்கம் என்பது இடதுசாரிகளின் புகார். 1983 தேர்தலில் விலகுவோம் என்று வாக்குறுதி கொடுத்ததும் தொழிற்கட்சிதான்.

அதனால் விலகல் என்றாலே வலதுசாரி, இருத்தல் என்றாலே இடதுசாரி என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். ஜெரமி கார்பின் 1975-இல் எதிர்த்து வாக்களித்தவர். 2016-இல் தொழிற்கட்சித் தலைவராக அவர் 'இருப்போம்' என்று செய்த பிரச்சாரத்தில் சூடு இல்லை என்று சொந்தக் கட்சிக்காரர்களே குறைப்பட்டார்கள்.

அதான் முடிஞ்சு போச்சே, 2016-ல மறுபடி ஏன் கேட்டாங்க?

நடுவில் அமைப்பே மாறிவிட்டது. 1975-இல் கேட்டது சந்தையைப் பற்றி. 1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் அதை அரசியல் ஒன்றியமாக்கியது, பொது நாணயத்துக்கும் வழி போட்டது. பிரிட்டன் பவுண்டை விடவில்லை, ஆனால் கன்சர்வேட்டிவ் கட்சி உள்ளே இரண்டாகப் பிளந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று, உறுப்பு நாடுகளின் நாணய மதிப்புகளை ஒன்றோடொன்று கட்டிவைத்த ஐரோப்பிய நாணய மாற்று ஏற்பாட்டிலிருந்து பவுண்டு தூக்கி எறியப்பட்டது. அந்த அவமானமும் சேர்ந்துகொண்டது.

2004-இல் போலந்து உட்பட 10 நாடுகள் சேர்ந்தன. பழைய உறுப்பினர்களில் பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மட்டுமே முதல் நாளிலிருந்து தொழிலாளர்களுக்குக் கதவைத் திறந்தன. ஜெர்மனியும் பிரான்ஸும் தள்ளிப்போட்டன. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஆட்கள் வந்தார்கள். ஒன்றியத்தை விட்டு விலகக் கோரிய நைஜல் ஃபராஜின் யுகிப் கட்சி இதைப் பிடித்துக்கொண்டு, 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரிட்டனில் முதலிடத்துக்கே வந்தது.

தன் கட்சி வாக்குகள் அங்கே ஓடாமல் இருக்க, 2013-இலேயே கன்சர்வேட்டிவ் பிரதமர் டேவிட் கேமரன் வாக்கெடுப்பு உறுதி கொடுத்திருந்தார். 2015-இல் தனிப் பெரும்பான்மை கிடைத்ததும் கொடுத்த வாக்கைத் தட்ட முடியவில்லை. கட்சிக்குள் நடந்த பங்காளிச் சண்டையைத் தீர்க்க நாட்டையே பஞ்சாயத்துக்கு இழுத்தார் என்பது என் கருத்து.

விலகணும்னு சொன்னவங்க எல்லாம் இனவெறிக்காரங்களா?

இல்லை. அப்படிச் சொல்லி முடித்துவிடுவது சோம்பேறித்தனம். இனவெறிப் பேச்சு பிரச்சாரத்தில் இருந்தது. அகதிகள் வரிசையைப் படம் போட்டு ஃபராஜ் வெளியிட்ட சுவரொட்டியை விலகல் தரப்பிலேயே பலர் கண்டித்தார்கள். ஆனால் அடியில் ஒரு நேர்மையான வாதம் உண்டு: எங்கள் சட்டத்தை நாங்கள் வாக்களித்து நீக்கக்கூடியவர்கள்தான் இயற்ற வேண்டும்.

இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் மீன்பிடிப் படகு வழக்கு. ஸ்பெயின்காரர்கள் பிரிட்டனில் படகுகளைப் பதிவு செய்து பிரிட்டனின் மீன் ஒதுக்கீட்டைப் பிடிப்பதைத் தடுக்க 1988-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்று அந்தச் சட்டத்தைப் பிரிட்டன் நீதிமன்றமே ஒதுக்கி வைக்க வேண்டி வந்தது. நாடாளுமன்றத்துக்கு மேலே எதுவும் இல்லை என்று பாடம் படித்த நாட்டுக்கு அது பெரிய அடி. வட இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் வாழைப்பழத்தைக் கிலோவில் விற்காமல் பவுண்டு எடையில் விற்ற கடைக்காரர் 2001-இல் குற்றவாளி ஆனதும் இந்த வகைதான். சின்ன விஷயம், ஆனால் டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது.

இருக்கணும்னு சொன்ன பக்கம் பெரிய பொருளாதார நிபுணர்கள் எல்லாம் இருந்தாங்களே, எப்படித் தோத்தாங்க?

என் பார்வையில், கேட்காத கேள்விக்கு அவர்கள் பதில் சொன்னதால். எதிர்த்தரப்பு 'யார் முடிவெடுப்பது' என்று கேட்டது. இவர்கள் 'எவ்வளவு செலவாகும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தக் கணக்கையும் சரியாகச் சொல்லவில்லை. விலகினால் 2030-இல் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்டு இழப்பு என்றது நிதித்துறை. இன்றைய வருமானத்திலிருந்து அவ்வளவு குறையும் என்று அர்த்தமில்லை. விலகாமல் இருந்தால் வளர்ந்திருக்கும் அளவைவிடக் குறைவாக வளரும் என்பதே பொருள். அதையும் நாட்டு உற்பத்தியைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்துச் சொன்னார்கள். கேட்டவர் தன் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வாக்களித்த உடனே பொருளாதாரச் சரிவு வரும், 5 லட்சம் வேலை போகும் என்ற இன்னொரு கணிப்பு பொய்த்தும் போனது.

சண்டர்லாந்தையே பாருங்கள். ஐரோப்பாவுக்குக் கார் ஏற்றுமதி செய்யும் நிசான் ஆலைதான் அங்கே பலருக்கு வேலை கொடுக்கிறது. அந்த ஊர் 61 சதவீதம் விலகலுக்கு வாக்களித்தது. அந்த முடிவு இரவில் வந்ததும் பவுண்டு மதிப்பு சரியத் தொடங்கியது. ஆனால் பழைய சுரங்கமும் கப்பல் கட்டும் தளமும் மூடிப்போன ஊரில் 'உங்கள் பொருளாதாரம் கெட்டுவிடும்' என்ற எச்சரிக்கை எப்படிக் கேட்டிருக்கும்?

சிவப்பு பஸ்ஸுல எழுதியிருந்த 35 கோடி பவுண்டு பொய்யா?

அரை உண்மை. வாரம் 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம், அதை மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்றது விலகல் தரப்பின் பிரச்சார பஸ்ஸில் இருந்த அந்த வாசகம். காகிதத்தில் மொத்தப் பங்களிப்பு அந்த அளவுதான். ஆனால் 1984-இல் தாட்சர் வாங்கி வந்த தள்ளுபடியால் ஏறக்குறைய கால் பங்கு லண்டனை விட்டே போகாது. மீதியிலும் கணிசமான பகுதி விவசாய மானியமாகவும் பின்தங்கிய பகுதிகளுக்கான உதவியாகவும் ஆராய்ச்சிப் பணமாகவும் திரும்பி வரும். நாட்டின் புள்ளிவிவர ஆணையமே இது தவறாக வழிநடத்துகிறது என்று கண்டித்தது.

தந்திரம் எங்கே என்றால், ஒவ்வொரு முறை எதிர்த்தரப்பு 'அவ்வளவு இல்லை, இவ்வளவுதான்' என்று திருத்தும்போதும், 'ஓகோ, பணம் போகத்தான் செய்கிறதா' என்று கேட்பவர் மனதில் பதிந்தது.

அங்க இருக்கிற இந்தியர்கள் ஓட்டுப் போட்டாங்களாமே, பிரஜையா இல்லாமலே?

உண்மைதான். பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவருக்குப் பொதுத்தேர்தலில் வாக்குரிமை உண்டு, இதிலும் அதே பட்டியல்தான். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்த தமிழர் வாக்களிக்கலாம். லண்டனில் 30 ஆண்டு வாழ்ந்த பிரெஞ்சுக்காரர், தன் வாழ்க்கையையே புரட்டிப்போடும் கேள்வியாக இருந்தும், வாக்களிக்க முடியாது.

தெற்காசியர்களையும் இரு பக்கமும் இழுத்தார்கள். ஐரோப்பியர்களுக்குக் கதவை மூடினால் சமையல்காரர்களை நம் ஊரிலிருந்து கூட்டி வரலாம் என்று அப்போது அமைச்சராக இருந்த ப்ரீத்தி படேல் கறி உணவகக்காரர்களிடம் பிரச்சாரம் செய்தார். பெரும்பாலும் வங்கதேசத்துக்காரர்கள் நடத்தும் தொழில் அது. அவர்களில் பலர் நம்பி வாக்களித்தார்கள். பிறகு சம்பள வரம்பும் விசாச் செலவும் அவர்கள் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை.

52-க்கு 48தானே, இதை வெச்சு ஒரு நாட்டையே மாத்தலாமா?

சட்டப்படி அந்த வாக்கெடுப்பு ஆலோசனை மட்டுமே. குறைந்தபட்ச வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஸ்காட்லாந்தில் 62 சதவீதமும் வட அயர்லாந்தில் 56 சதவீதமும் 'இருப்போம்' என்றார்கள். இங்கிலாந்தும் வேல்ஸும் விலகல் பக்கம். ஆனால் 72 சதவீதம் பேர் வந்து வாக்களித்த பிறகு 'அது வெறும் ஆலோசனை' என்று சொல்ல எந்தப் பிரதமருக்கும் தைரியம் வராது.

எனக்கு வித்தியாசத்தின் அளவைவிடக் கேள்வியின் வடிவம்தான் உறுத்துகிறது. வாக்குச்சீட்டில் ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று மட்டும் இருந்தது. ஒற்றைச் சந்தையில் இருக்கலாமா, சுங்க ஒன்றியத்தில் இருக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. கிளம்பலாமா என்று கேட்டார்கள், எங்கே போவது என்று கேட்கவில்லை.

அப்போ ஓட்டுப் போட்டுட்டு மூணரை வருஷம் என்னதான் பண்ணாங்க?

எங்கே போவது என்று சண்டை போட்டார்கள். நார்வே போல ஒன்றியத்துக்கு வெளியே இருந்தும் ஒற்றைச் சந்தைக்குள் இருக்கலாம்: ஆட்கள் வரவைத் தடுக்க முடியாது, சந்தாவும் கட்ட வேண்டும். துருக்கி போலச் சுங்க ஒன்றியம் வைத்துக்கொள்ளலாம்: சொந்த வர்த்தக ஒப்பந்தக் கனவு போய்விடும். கனடா போல ஒரு வர்த்தக ஒப்பந்தம் மட்டும் போடலாம்: எல்லையில் சோதனை வரும். விலகலுக்கு வாக்களித்தவர்களுக்குள்ளேயே இந்த மூன்றுக்கும் ஆள் இருந்தார்கள்.

கேமரனுக்குப் பிறகு பிரதமரான தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரியில் 432-க்கு 202 என்று நாடாளுமன்றம் தோற்கடித்தது. அந்த நாட்டு நவீன வரலாற்றில் ஓர் அரசு கண்ட மிகப் பெரிய தோல்வி அது. இன்னும் இரண்டு முறை கொண்டுவந்தும் தோற்றார். மார்ச் மாதம் ஒரே மாலையில் எட்டு மாற்று வழிகளை வாக்குக்கு விட்டார்கள். எட்டுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தையே ஐந்து வாரம் ஒத்திவைக்கப் பார்த்தார். வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 11 பேரும் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றார்கள். டிசம்பரில் தேர்தல் நடந்தது. 'முடித்துத் தொலையுங்கள்' என்ற சலிப்பே அவருக்கு 80 இடப் பெரும்பான்மை கொடுத்தது.

நடுவுல அயர்லாந்து எல்லைன்னு ஒண்ணு வருதே, அது ஏன் அவ்வளவு சிக்கல்?

வட அயர்லாந்து பிரிட்டனுடையது. தெற்கே அயர்லாந்து தனி நாடு, ஒன்றியத்தின் உறுப்பினர். நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, ஒரு காவல்சாவடியும் இல்லை. பல ஆண்டு ரத்தக்களரிக்குப் பிறகு 1998-இல் வந்த சமாதான உடன்பாட்டின் பலன் அது. பிரிட்டன் ஒற்றைச் சந்தையை விட்டு வெளியேறினால் எங்காவது ஓர் இடத்தில் சரக்கைச் சோதித்தாக வேண்டும். நிலத்தில் சோதித்தால் சமாதானத்துக்கு ஆபத்து, கடலில் சோதித்தால் ஒரே நாட்டுக்குள் எல்லை.

ஜான்சன் கடலைத் தேர்ந்தெடுத்தார், ஆனால் அப்படிச் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டார். வட அயர்லாந்தின் பிரிட்டன் ஆதரவுக் கட்சியான டியுபி கோபத்தில் அங்கே ஆட்சியையே இரண்டு ஆண்டு முடக்கியது. 2023-இல் வின்சர் ஏற்பாடு என்ற திருத்தத்தில், வட அயர்லாந்திலேயே விற்கப்போகும் சரக்குக்குத் தனி எளிய வழி விட்டார்கள். 2016 பிரச்சாரத்தில் இதைப் பற்றி எச்சரித்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் காது கொடுத்தவர்கள் குறைவு.

வரியே இல்லைன்னு ஒப்பந்தம் போட்டாச்சே, அப்புறம் வியாபாரிங்க ஏன் புலம்பறாங்க?

2020 டிசம்பர் 24 அன்று முடிந்த ஒப்பந்தத்தில் வரி இல்லை என்பது உண்மை, ஆனால் சரக்கு பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ தயாரானது என்று நிரூபிக்க வேண்டும். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் பெர்சி பிக் என்ற இனிப்பு இதற்கு நல்ல உதாரணம். ஜெர்மனியில் தயாராகி, பிரிட்டன் கிடங்குக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைக்குப் போகும். ஒன்றியத்தில் செய்த பொருள் ஒன்றியத்துக்கே திரும்பினாலும் வரி விழும் நிலை வந்ததாக அந்த நிறுவனத் தலைவர் 2021 தொடக்கத்தில் சொன்னார்.

அதைவிடப் பெரிய செலவு காகிதம். சுங்க அறிவிப்பு, இறைச்சிக்கும் பாலுக்கும் கால்நடை மருத்துவர் சான்றிதழ், ஒவ்வொரு லாரிக்கும் தனித்தனியாக. பெரிய நிறுவனம் ஆள் வைத்துச் சமாளிக்கும். மாதம் பத்துப் பெட்டி பாலாடைக்கட்டி அனுப்பிய சின்ன ஆள் ஏற்றுமதியை விட்டுவிடுவார். பிரிட்டன் பொருளாதாரத்தில் சுமார் 80 சதவீதம் சேவைத்துறை. அந்த ஒப்பந்தம் சேவைத்துறைக்குக் கொடுத்தது கொஞ்சம்தான்.

கடைசில லாபமா நஷ்டமா? ஒரே வரியில சொல்லுங்க.

பொருளாதாரத்தில் நஷ்டம். அரசின் பட்ஜெட் கணிப்பு அலுவலகம், ஒன்றியத்தில் இருந்திருந்தால் வந்திருக்கும் உற்பத்தித் திறனைவிட நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறையும் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. கொரோனாவும் உக்ரைன் போரும் நடுவில் வந்ததால் பிரித்தெடுப்பது கடினம் என்று விலகல் தரப்பு சொல்வதில் நியாயம் உண்டு. தடுப்பூசிக்கு முதலில் அனுமதி கொடுத்தது பிரெக்சிட்டால்தான் என்று சொல்வது மட்டும் சரியில்லை. 2020 டிசம்பரில் பழைய ஐரோப்பிய விதிகள் இன்னும் நடப்பில் இருந்தன, அவற்றில் உள்ள அவசர அனுமதியைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஆனால் மேலே சொன்ன 'யார் முடிவெடுப்பது' என்ற கேள்விக்கு இந்த 4 சதவீதம் பதில் ஆகாது. கொஞ்சம் ஏழையானாலும் பரவாயில்லை, முடிவு எங்கள் கையில் இருக்கட்டும் என்று ஒருவர் சொன்னால் கணக்கு வாத்தியாரால் அவரைத் தோற்கடிக்க முடியாது.

அப்போ இந்தியாவோட ஒப்பந்தம் போட்டது பிரெக்சிட்டோட பலன்தானே? திருப்பூருக்கு நல்லதுன்னாங்களே?

பலன்தான். சுங்க ஒன்றியத்தில் இருந்திருந்தால் தனியாகப் போட்டிருக்க முடியாது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. இந்திய ஆயத்த ஆடைகளுக்குப் பிரிட்டன் 12 சதவீதம் வரை வரி போட்டுவந்தது, வங்கதேச ஆடைக்கு வரியே இல்லை. அந்த வித்தியாசத்தை நீக்குவதால் திருப்பூர் ஆர்வமாக இருப்பதில் வியப்பில்லை. பிரிட்டனின் ஸ்காட்ச் விஸ்கிக்கு நம் 150 சதவீத வரி பாதியாகி, பிறகு 40-க்கு இறங்கும்.

பிரிட்டன் பக்கத்தில் இந்த ஒப்பந்தம் நீண்ட காலத்தில் ஆண்டுக்கு 480 கோடி பவுண்டு சேர்க்கும் என்பது அவர்கள் அரசின் கணிப்பு. நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதம் அளவு. முந்தைய பதிலில் உள்ள எண்ணோடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு ஆட்கள் வர்றது குறைஞ்சுதா?

ஐரோப்பியர்கள் குறைந்தார்கள், மற்றவர்கள் கூடினார்கள். 2021-இல் வந்த புள்ளி அடிப்படையிலான விசா முறையில் போலந்துக்காரரும் இந்தியரும் ஒன்றே. 2023 நடுவில் முடிந்த ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. வாக்கெடுப்பு நேரத்தில் சண்டைக்குக் காரணமான எண் 3 லட்சத்துச் சொச்சம்! பிறகு அரசு இறுக்கியது. 2024 ஜனவரி முதல் பெரும்பாலான முதுகலை மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அனுப்பும் பெற்றோர்கள் இதைக் கவனிக்கவும்.

யு.கே. விசா வெச்சு பிரான்ஸ் போக முடியாம போனது இதாலதானா?

இல்லை. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வழி செய்யும் ஷெங்கன் ஏற்பாட்டில், ஒன்றியத்தில் இருந்த காலத்திலும் பிரிட்டன் சேரவில்லை. நம் கடவுச்சீட்டுக்கு அப்போதும் இரண்டு விசா, இப்போதும் இரண்டு விசா.

மனித உரிமை நீதிமன்றத்தை விட்டும் வெளியே வந்துட்டாங்கல்ல?

வரவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேறு அமைப்பைச் சேர்ந்தது, ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்சம்பர்க்கில் இருக்கிறது. அகதிகளை ருவாண்டாவுக்கு அனுப்பவிருந்த விமானத்தை 2022 ஜூனில் ஸ்ட்ராஸ்பர்க் நிறுத்தியபோது, 'அதான் வெளியேறிவிட்டோமே' என்று அங்கேயே பலர் குழம்பினார்கள். அதிலிருந்தும் விலக வேண்டும் என்ற குரல் இப்போது வலுக்கிறது.

மறுபடியும் சேரணும்னா முடியுமா?

மனுப் போடலாம், தடையில்லை. 27 நாடுகளும் ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்கள் யூரோவை ஏற்பதாக உறுதி கொடுக்க வேண்டும் என்பது விதி. தாட்சர் வாங்கிய தள்ளுபடியும் பவுண்டுக்குக் கிடைத்த விலக்கும் தானாகத் திரும்பாது. பழைய வீட்டுக்குப் பழைய வாடகையில் போக முடியாது.

விலகியது தவறு என்று சொல்பவர்களே கருத்துக்கணிப்புகளில் பல ஆண்டுகளாக அதிகம். ஆனாலும் 2024-இல் ஆட்சிக்கு வந்த கீர் ஸ்டார்மர், ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம் இரண்டுக்கும் திரும்புவதில்லை என்று தேர்தல் அறிக்கையிலேயே எழுதினார். அதற்குப் பதில் துண்டு துண்டாக ஒட்டுகிறார்கள். ஒன்றியத்தின் ஆராய்ச்சித் திட்டத்தில் 2024 முதல் மறுபடி சேர்ந்துவிட்டார்கள். 2025 மே மாதம் உணவுச் சோதனைகளைக் குறைக்கப் பேச ஒப்புக்கொண்டார்கள். அதே நாளில் ஐரோப்பியப் படகுகளுக்குப் பிரிட்டன் கடலில் மீன்பிடி அனுமதியை 2038 வரை நீட்டித்தார்கள். மீனவர் சங்கங்கள் கொதித்துப் போயின. 2016-இல் தேம்ஸ் நதியில் படகுகளை அணிவகுத்து விலகலுக்குக் கொடி பிடித்தவர்கள் மீனவர்கள்தான்.